ஜனவரிக்குள்ள முடிக்கணும்னு நாவல் எழுதாதீங்க

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல புதுசா நாவல் எழுத வந்தவங்களோட பேட்டி படிச்சேன். எல்லாருமே கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் சொல்லியிருந்தாங்க, எழுதுறது ஈஸிங்க, விக்கிறதுதான் கஷ்டம், ரீல்ஸ் போடணும், அட்டைப்படத்தை ஸ்டேட்டஸ்ல வைக்கணும், யாராவது யூட்யூபரைப் பிடிச்சு பேச வைக்கணும்னு. படிச்சதுல இருந்து மனசு கேக்கல, அதான் எழுதுறேன். நான் பதிப்பகங்களுக்கு வீட்ல இருந்தே ப்ரூஃப் பாத்து, அதாவது அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி பிழை திருத்திக் குடுக்குறவ, ரொம்ப வருஷமா இதுதான் பொழப்பு, சொந்தமா ரெண்டு நாவலும் எழுதி விக்க அலைஞ்சிருக்கேன், அதனால ரெண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும். நம்ம நாவல்கள் விக்காம போறதுக்கு விளம்பரம் பத்தலங்கறதை விட பெரிய காரணம் ஒண்ணு இருக்கு. எழுதி முடியறதுக்கு முன்னாடியே அச்சுக்குப் போயிடுது. எல்லாம் ஜனவரிக்காக.

ஜனவரியில நடக்குற சென்னை புத்தகக் கண்காட்சி 1977ல ஆரம்பிச்சது, அதோட அருமை பத்தி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல, இப்ப நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்துல அந்தக் கூட்டத்தைப் பாத்தா கண்ணு நிறைஞ்சிடும். ஆனா அந்த ஒரு கண்காட்சியை வச்சே மொத்த வருஷத்தோட எழுத்தும் நடக்குது பாருங்க, அங்கதான் பிரச்சினை. தீபாவளி முடிஞ்ச உடனே எனக்கு வாட்ஸ்அப்ல வேர்டு ஃபைலா கொட்ட ஆரம்பிக்கும். "அக்கா, இருபதாம் தேதி ப்ரெஸ்ஸுக்குப் போகணும், ஒற்றுப்பிழை மட்டும் பாத்தா போதும், கதையை எல்லாம் படிக்க வேணாம்"னு சொல்லுவாங்க. கதையைப் படிக்காம எப்படிங்க ப்ரூஃப் பாக்குறது? படிச்சா தெரியும், முதல் அத்தியாயத்துல மாமியார் செத்துப்போய் பதினாறாம் நாள் காரியமும் முடிஞ்சிருக்கும், ஒன்பதாவது அத்தியாயத்துல அந்தம்மா திண்ணைல உக்காந்து வெத்தலை இடிச்சுக்கிட்டு இருப்பாங்க. ஃபோன் போட்டு சொன்னா எழுதினவருக்கே நம்ப முடியாது, ஏன்னா எழுதி முடிச்ச பிறகு அவர் அதை ஒரு தடவை கூட முழுசா உக்காந்து படிச்சிருக்க மாட்டார், நேரமே இல்ல.

இதெல்லாம் கூட சரி பண்ணிடலாம். சரி பண்ண முடியாதது பேச்சு. கோயம்புத்தூர்ப் பக்கத்துக் குடும்பம்னு எழுதியிருப்பாங்க, முதல் ரெண்டு பக்கம் ஏனுங்க, சொல்லுங்கன்னு ஓடும், அதுக்கப்புறம் எல்லாரும் டிவி சீரியல் தமிழ்ல பேச ஆரம்பிச்சிடுவாங்க. மதுரைக்காரப் பாட்டி ஒரு இடத்துல வந்தாகம்பா, அடுத்த பக்கத்துல வந்தாங்கம்பா. அந்த ஊர்ல பொறந்து வளர்ந்தவங்க அந்த இடத்தைப் படிச்ச உடனே, இந்தாளுக்கு நம்ம ஊர் தெரியாதுன்னு முடிவு பண்ணிடுவாங்க, அதுக்கு மேல நீங்க எவ்வளவு உருக்கமா எழுதினாலும் ஏறாது. இதுல இன்னொண்ணு, தாத்தாவும் பேசுவார், காலேஜ் படிக்கிற பேத்தியும் பேசுவா, ரெண்டு பேரும் எழுத்தாளர் மாதிரியே பேசுவாங்க. யார் பேசுறாங்கன்னு பேரை மறைச்சிட்டுப் படிச்சுப் பாருங்க, ஆள் தெரிஞ்சாதான் அது உரையாடல். இதைக் கண்டுபிடிக்க பெரிய படிப்பு எதுவும் வேணாம், வாய்விட்டுப் படிச்சா போதும், நாக்கு தட்டுற இடத்துல எல்லாம் தப்பு இருக்கும்.

முதல் பக்கத்தைப் பத்திக் கட்டாயம் சொல்லணும், ஏன்னா மார்க்கெட்டிங்னு தனியா ஒண்ணு இருந்தா அது ஆரம்பிக்கிற இடமே அதுதான்னு நான் நினைக்கிறேன். கண்காட்சியில ஒரு ஸ்டால் பக்கத்துல நின்னு பாருங்க, ஆளுங்க புத்தகத்தைக் கையில எடுத்தா முதல்ல பின்னட்டையைத் திருப்புவாங்க, அப்புறம் விலை, அப்புறம் முதல் பக்கத்துல அஞ்சாறு வரி. அவ்வளவுதான், வாங்குறதும் வைக்கிறதும் அங்கயே முடிவாயிடும். அந்த அஞ்சாறு வரியில நம்மாளுங்க என்ன வச்சிருப்பாங்கன்னா சூரிய உதயம், பனித்துளி, இல்லன்னா அந்த ஊருக்கு அந்தப் பேர் ஏன் வந்துச்சுங்கற வரலாறு. எனக்கு வர்ற நாவல்ல பாதிக்கு மேல நிஜமான கதை மூணாவது அத்தியாயத்துலதான் ஆரம்பிக்குது, முன்னாடி இருக்கறது எழுத்தாளர் தனக்காக எழுதிப் பாத்துக்கிட்டது, அது அவருக்குத் தேவைதான், படிக்கிறவங்களுக்குத் தேவையில்ல. ரெண்டு மாசம் அந்த ஃபைலைத் தொடாம வச்சிருந்தா அவருக்கே அது தெரிஞ்சிருக்கும். அந்த ரெண்டு மாசத்தைத்தான் ஜனவரி தின்னுடுது.

பின்னட்டை இதை விட மோசம். மானுடத்தின் ஆழ்மன இருளை அகழ்ந்தெடுக்கும் படைப்புன்னு யாராவது பெரியவர் எழுதிக் குடுத்திருப்பார், கதை எங்க நடக்குது, யாருக்கு என்ன ஆச்சு, ஒண்ணும் இருக்காது. நாமக்கல்ல லாரி பாடி கட்டுற பட்டறையில வேலை பாக்குற ரெண்டு அண்ணன் தம்பி, அப்பாவோட கடனை யார் அடைக்கிறதுங்கறதுல பிரிஞ்சு போறாங்கன்னு நேரா எழுதுங்களேன், அந்த ஊர்க்காரன் ஒருத்தன் வாங்குவான், பட்டறையில வேலை பாத்தவன் வாங்குவான், கூடப் பொறந்தவங்களோட பேச்சுவார்த்தை இல்லாதவங்க எல்லாரும் எடுத்துப் பாப்பாங்க.

பதிப்பகத்தார் எடிட்டர் வைக்கலியான்னு கேக்கலாம். தமிழ்ல ப்ரூஃப் பாக்குறதையே எடிட்டிங்னு நினைச்சுக்கிட்டு இருக்கோம், கதையைப் படிச்சு இந்த அத்தியாயம் வேணாம், இந்தப் பொண்ணு ஏன் இப்படி முடிவெடுத்தான்னு புரியலன்னு சொல்ற ஆள் ரொம்ப கொஞ்சம் பதிப்பகத்துலதான் இருக்காங்க. அவங்களை மட்டும் குத்தம் சொல்லிப் பிரயோஜனமும் இல்ல, கணக்கு அப்படி. முன்னாடி ஒரு பதிப்புன்னா 1,000, 1,200 பிரதி அடிப்பாங்க, இப்ப வேணுங்கற அளவுக்கு மட்டும் அடிச்சுக்குற பிரிண்ட் ஆன் டிமாண்ட் வந்ததுல 100, 200னு அடிச்சுக்குறாங்க. 250 ரூபாய் புத்தகம், எழுத்தாளருக்கு 10 சதவீதம் ராயல்டின்னா 25 ரூபாய், 300 பிரதி வித்தா 7,500 ரூபாய், இது ஒழுங்கா கணக்கு காட்டிக் குடுத்தா. கடைக்காரருக்கு கழிவு போகணும், பேப்பர், அட்டை, ஸ்டால் வாடகை எல்லாம் போகணும், இதுல எடிட்டருக்கு எங்கேர்ந்து குடுக்குறது. அதனால எழுதறவங்களே ரெண்டு பேரைப் பிடிச்சுக்கங்க, அவங்க எழுத்தாளரா இல்லாம இருந்தா ரொம்ப நல்லது, எங்க படிக்கிறதை நிறுத்தி கீழ வச்சீங்கன்னு மட்டும் கேளுங்க, நல்லா இருக்கான்னு கேக்காதீங்க, நல்லா இருக்குன்னுதான் சொல்லுவாங்க.

அந்தக் காலத்துல, புத்தகமாகுறதுக்கு முன்னாடியே வாசகர்கிட்ட காட்டிப் பாக்குற இந்த வேலையை வாரப் பத்திரிகை செஞ்சுச்சு. கல்கி 1950லேர்ந்து 1954 வரைக்கும் பொன்னியின் செல்வனை வாரா வாரம் தன்னோட பத்திரிகையில எழுதினார், மூணரை வருஷம் ஒரு ஊரே காத்துக்கிட்டு இருந்து படிச்சிருக்கு, புத்தகமா வந்தப்போ அதுக்குத் தனியா விளம்பரம் தேவைப்படல. இப்ப அந்த இடத்தை பிரதிலிபி மாதிரி ஆப்பும் கிண்டிலும் பிடிச்சிருக்கு. அதை மட்டமா பேசுறவங்க கூட நான் சேர மாட்டேன், வீட்டு வேலை முடிச்சிட்டு ராத்திரி ஃபோன்லயே டைப் பண்ணி எழுதுற எத்தனையோ பொம்பளைங்களுக்கு முதல் வாசகரைக் குடுத்தது அதுதான். ஆனா அங்க எழுதின தொடரை அப்படியே புத்தகமா போடாதீங்க. வாரம் ஒண்ணு படிக்கிறவங்களுக்கு ஒவ்வொரு பகுதி முடிவுலயும் ஒரு திடுக் வேணும், சரி, புத்தகத்துல நாப்பது அத்தியாயமும் ஃபோன் மணி அடிச்சோ கதவு தட்டியோ முடிஞ்சா ஒரே மூச்சுல படிக்கிறவனுக்கு சலிச்சிடும். ஃபோன்ல டைப் பண்றதுல வர்ற எழுத்துப் பிழையும் தனி, கௌரிங்கற பேர்ல ௌ வரவேண்டிய இடத்துல எ கொம்பும் ளகரமும் உக்காந்திருக்கும், கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கும், கிண்டில்ல தேடினா அந்தப் பேரே கிடைக்காது.

இனி விக்கிறது. எழுத்தாளன் விக்கலாமா, அது கேவலம் இல்லியான்னு இன்னும் சில பேர் கேக்குறாங்க. பாரதியார் 1920ல கடையத்துல இருந்து நண்பர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார், தன்னோட எழுத்தை 40 நூலா பிரிச்சு, ஒவ்வொண்ணும் 10,000 பிரதி, மொத்தம் 4 லட்சம் பிரதி அச்சடிக்கப் போறேன், கடனா பணம் அனுப்புங்கன்னு. மண்ணெண்ணெய், தீப்பெட்டியை விட வேகமா வித்துப் போகும்னு அவர் நம்பினார். பணம் வரல, அடுத்த வருஷமே போய்ச் சேந்துட்டார், அதைப் படிக்கறப்போ எனக்கு இன்னிக்கும் தொண்டை அடைக்கும். எழுத்தாளர் சி.சு. செல்லப்பா 1959ல 'எழுத்து'ங்கற இலக்கியப் பத்திரிகையை ஆரம்பிச்சவர், புத்தகக் கட்டைத் தூக்கிக்கிட்டு ஊர் ஊரா, காலேஜ் காலேஜா போய் வித்தவர். அவங்களுக்கு இல்லாத கௌரவம் நமக்கு எங்கேர்ந்து வந்துச்சு?

ஆனா இப்ப நடக்குற வெளியீட்டு விழா இருக்கே, அது எனக்கு சுத்தமா பிடிக்கல. ஹால் வாடகை, மைக், பொன்னாடை, டிபன், படிக்காமயே வந்து அரைமணி நேரம் பேசுற சிறப்பு விருந்தினர், கேக்குறது சொந்தக்காரங்க. அந்தக் காசுக்கு புத்தகத்தை வாங்கி கிளை நூலக வாசகர் வட்டத்துக்கும், பக்கத்து காலேஜ் தமிழ்த் துறைக்கும் குடுங்க, படிச்சிட்டு ஒரு சாயங்காலம் பேசலாமான்னு கேளுங்க. என் ரெண்டாவது நாவலுக்கு விழாவே வைக்கல, இப்படித்தான் செஞ்சேன், திட்டினவங்களும் இருந்தாங்க, ஆனா திட்டினவர் படிச்சிருந்தார், அவரே இன்னொருத்தருக்கு வாங்கியும் குடுத்தார். முதல் அத்தியாயத்தை வாட்ஸ்அப்ல இலவசமா அனுப்புங்க, பிடிச்சவங்க ஜிபே பண்ணி வாங்குவாங்க. தபால் செலவுதான் இடிக்குது, ரெஜிஸ்டர்டு புக் போஸ்ட்டை 2024 டிசம்பர்ல நிறுத்தினதுல இருந்து தனியா புத்தகம் அனுப்பி விக்கிறவங்க எல்லாரும் திண்டாடுறோம், இதைப் பத்தி உங்க பேப்பர் ஒரு தலையங்கமே எழுதலாம். டெலிகிராம்ல பிடிஎஃப்பா சுத்த விடுறவங்களுக்கு, அந்த 25 ரூபாய் ராயல்டியும் எங்களுக்கு வராதுங்கறதை மட்டும் சொல்லிக்கிறேன்.

புதுசா வர்றவங்க ஏமாறாம இருக்கறதும் முக்கியம். தெரிஞ்ச பொண்ணு ஒருத்தி, காசு கட்டி புத்தகம் போட்டா, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அடையாளமா குடுக்குற ஐஎஸ்பிஎன் நம்பருக்குன்னு தனியா பணம் வாங்கியிருக்காங்க. இந்தியாவுல ஐஎஸ்பிஎன் இலவசம், டெல்லியில கல்வி அமைச்சகத்துக்குக் கீழ இருக்குற ராஜா ராம்மோகன் ராய் ஏஜென்சி குடுக்குது, எழுதினவரே ஆன்லைன்ல அப்ளை பண்ணலாம். உரிமையை எழுதிக் குடுக்கறதா இருந்தா 1957ஆம் வருஷத்து பதிப்புரிமைச் சட்டம் 19ஆவது பிரிவை ஒரு தடவை படிச்சிடுங்க. எழுத்துல, கையெழுத்தோட இல்லாத உரிமை மாற்றம் செல்லாது, ராயல்டி எவ்வளவுன்னு அதுல குறிப்பிடணும், எத்தனை வருஷம்னு போடலன்னா 5 வருஷம்னுதான் கணக்கு, எந்த இடம்னு போடலன்னா இந்தியாவுக்குள்ள மட்டும்தான். ஒப்பந்தத்துல வேற மாதிரி இல்லன்னா, உரிமை வாங்கினவர் ஒரு வருஷத்துக்குள்ள அதைப் பயன்படுத்தாட்டி அந்த உரிமையும் போயிடும். வாய் வார்த்தையில கதையைக் குடுத்துட்டு வருஷக்கணக்கா அழுதுக்கிட்டு இருக்கறவங்களை நான் பாத்திருக்கேன்.

ஜனவரியை விட்டா வேற வழி இல்லங்கறதும் இப்ப உண்மை இல்ல. ஈரோட்ல ஆகஸ்ட்ல நடக்குது, நெய்வேலி இருக்கு, மதுரை இருக்கு, இப்ப சில வருஷமா அரசாங்கமே மாவட்டத்துக்கு மாவட்டம் கண்காட்சி நடத்துது. ஜூன்ல ஒரு நாவல் வந்தா அதைப் பத்திப் பேச ஆளுக்கு நேரமாவது இருக்கும், ஜனவரியில நூத்துக்கணக்கான புத்தகத்தோட அதுவும் ஒண்ணா அடுக்குல கிடக்கும்.

கடைசியா உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். ஜனவரி மாசம் ரெண்டு முழுப் பக்கத்துல அட்டைப்படமா அடுக்கி புது வரவுன்னு போடுறீங்க, பிப்ரவரியில இருந்து ஒண்ணும் கிடையாது. அதுக்குப் பதிலா, மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை அரைப் பக்கம், புதுசா வந்த நாவல் ஒண்ணோட முதல் அத்தியாயத்தை எழுத்தாளர் அனுமதியோட போடுங்க, கூடவே பக்கம் எத்தனை, விலை என்ன, எங்க கிடைக்கும்ங்கறதையும் போடுங்க. பேட்டி வேணாம், பாராட்டு வேணாம். பேர் தெரியாத ஊர்லேர்ந்து எழுதுறவங்களோடதையும் எடுங்க, தேவைப்பட்டா ப்ரூஃப் பாத்துக் குடுக்க நான் தயாரா இருக்கேன், இதுக்கு காசு வேணாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம்.