ஸ்கேன் முடிவு வந்த கையோடு ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும்,

நேற்று ஸ்கேன் முடிவு வந்துவிட்டது. மார்பகப் புற்றுநோய் பரவி எலும்பிலும் கல்லீரலிலும் இருப்பது வளரவில்லை, புதிதாக எங்கும் வரவுமில்லை. கை நடுக்கம் நிற்பதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

முதல் நன்றி, மருந்து ஆய்வுப் பிரிவில் ஒருங்கிணைப்பாளராக இருக்கும் அந்தத் தங்கைக்கு. புது மருந்து ஆய்வில் சேர்வதற்கான ஒப்புதல் படிவத்தைக் கொடுத்த அன்று, "கையெழுத்துப் போடு" என்றார் என் கணவர். "வேண்டவே வேண்டாம், உன்னை வைத்துச் சோதனை செய்வார்கள்" என்றார் அண்ணன். அந்தப் பெண் இருவரையும் பார்த்து, "பழைய ரிப்போர்ட் எல்லாம் ஒரு செட் ஜெராக்ஸ் எடுத்துட்டு வந்துடுறீங்களா?" என்று அனுப்பிவைத்தார். பிறகு நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டு, "அக்கா, இப்ப நீங்க கேளுங்க" என்றார்.

அதுவரை எனக்காக மற்றவர்கள்தான் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கேட்டேன். குணமாகிவிடுமா? "அப்படிச் சொல்ல மாட்டேன்க்கா. நோயை எவ்வளவு காலம் அடக்கி வைக்க முடியும்னுதான் பார்க்கிறோம்." புது மருந்து எனக்கு விழாவிட்டால் வெறும் மாத்திரைதானா? இல்லையாம். யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கல் போல முடிவு செய்யும். மற்றப் பிரிவுக்கு இப்போது வழக்கத்தில் உள்ள சிகிச்சை. நடுவில் முடியாமல் போனால்? எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம்கூடச் சொல்ல வேண்டாம், வைத்தியம் நிற்காது. படிவத்திலும் இதெல்லாம் தமிழில்தான் இருந்தது; பயத்தில் ஒரு வரிகூட மண்டையில் ஏறவில்லை. "இன்னிக்கே போட வேண்டாம், வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க" என்று அவர் சொன்னதால்தான் நிதானமாக யோசித்து, நானே முடிவெடுத்துக் கையெழுத்துப் போட்டேன்.

டாக்டர், டே கேர் சிஸ்டர்கள், பிள்ளைகளுக்குச் சோறு போட்ட நாத்தனார், பணம் அனுப்பிவிட்டுப் பெயர் சொல்லாத தோழிகள், எல்லோருக்கும் நன்றி.

முகம் தெரியாத சிலருக்கும் சொல்ல வேண்டும். ஆரம்பத்திலேயே நோய் பரவிவிட்டவர்களுக்கு மார்பிலுள்ள கட்டியை எடுத்தால் ஆயுள் கூடுமா என்று மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் ஓர் ஆய்வு நடந்தது. 2005 முதல் 2013 வரை 350 பெண்கள் சேர்ந்தார்கள். கூடவில்லை என்று தெரிந்தது. எனக்கு அந்த அறுவை சிகிச்சை வேண்டாம் என்று டாக்டர் சொன்னபோது இந்த ஆய்வைத்தான் காட்டினார். அந்தப் பெண்களில் பலர் இன்று இல்லை. அவர்கள் கையெழுத்துப் போட்டதால் என் உடம்பில் ஒரு வெட்டு குறைந்தது. அப்புறம் நான் எப்படி ஒதுங்கி நிற்பது?

உடம்பு விடும்வரை ஒரு ஸ்கேனையும் ஓர் ஊசியையும் தவறவிட மாட்டேன். படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்து நிற்கும் பெண் யாராவது வந்தால் என்னைக் கூப்பிடச் சொல்லி, தங்கையிடம் என் எண்ணைக் கொடுத்திருக்கிறேன்.