டாட்டூ ஆறும் வரை கவனம் தேவை

ஆசிரியருக்கு வணக்கம்.

டாட்டூவுக்குப் படம் தேர்ந்தெடுக்கக் காட்டும் அக்கறையைப் பலர் அது ஆறும் நாட்களில் காட்டுவதில்லை. ஊசி 1 முதல் 2 மி.மீ. ஆழத்தில் மையை இறக்குகிறது. அலங்காரமாகத் தெரிந்தாலும் அது திறந்த புண்தான்.

டாட்டூவின் மேல் ஒட்டிய உறையைக் குத்தியவர் சொன்ன நேரத்தில் பிரியுங்கள். கையைச் சோப்பால் கழுவிய பிறகே அந்த இடத்தைத் தொட வேண்டும். அதைக் கழுவ வெதுவெதுப்பான நீர், வாசனையற்ற சோப்பு, விரல் நுனி போதும். நாரும் ஸ்பாஞ்சும் வேண்டாம். டிஷ்யூ தாளால் ஒற்றி எடுத்து, வாசனையற்ற களிம்பை நாளுக்கு 2, 3 முறை மெல்லிய படலமாகத் தடவுங்கள். அதிகம் பூசினால் சீக்கிரம் ஆறும் என்ற நம்பிக்கைதான் பெரும்பாலும் கெடுக்கிறது. ஈரம் தேங்கிப் பொருக்கு ஊறிக் கழன்றுவிடும்; கூடவே மையும் போய், நிறம் திட்டுத்திட்டாக வெளுக்கும். அரித்தாலும் சொறியவோ உரிக்கவோ கூடாது.

மேல்தோல் ஆற 2 முதல் 4 வாரம் ஆகும். அதுவரை நீச்சல் குளம், கடல், நேரடி வெயில் கூடாது. வழக்கம்போல் குளிக்கலாம், ஊறத்தான் கூடாது.

முதல் சில நாள் சிவப்பும் லேசான வீக்கமும் இயல்பு. சிவப்பு பரவிக்கொண்டே போனாலோ, சீழ், காய்ச்சல் வந்தாலோ உடனே மருத்துவரிடம் போங்கள். மையைக் குழாய்த் தண்ணீரில் கலந்தால், அதிலுள்ள கிருமிகளால் சில வாரம் கழித்தும் கொப்புளம் வரலாம். ஆகவே புது ஊசியைக் கண்முன் பிரிக்கச் சொல்வதோடு, மையில் எதைக் கலக்கிறார்கள் என்றும் தயங்காமல் கேளுங்கள். பராமரிப்புக் குறிப்பை அச்சிட்டுத் தருவதை டாட்டூ கடைகளுக்குக் கட்டாயமாக்க வேண்டும்.

இப்படிக்கு,
டாட்டூ கலைஞர்கள் சிலர்