குசினிக்கு எந்த அடுப்பு: மகளுக்கு ஒரு கடிதம்

கந்தர்மடம், யாழ்ப்பாணம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள பிள்ளைக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நாங்கள் இங்கே சுகம். நீயும் மருமகனும் பேரப்பிள்ளைகளும் சுகமாக இருக்க நல்லூரான் துணை.

நீ அனுப்பிய அடுப்புப் படங்கள் எல்லாவற்றையும் பார்த்தேன். வட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டால் முடிகிற விஷயத்துக்கு அப்பா ஏன் தாளும் பேனையும் எடுத்தார் என்று நினைப்பாய். போனில் ஆறுதலாகக் கதைக்க முடியாமல் இருக்கிறது. இந்தத் தாள்களைத் தம்பி படம் எடுத்து உன்னுடைய வேலை இமெயிலுக்கு அனுப்புவான். குடும்பக் குறூப்பில் போடவேண்டாம் என்று அவனுக்குச் சொல்லியிருக்கிறேன். நீயும் அதில் இதைப் பற்றி ஒன்றும் எழுதாதே.

குசினி வேலை முக்கால்வாசி முடிந்துவிட்டது. கிணற்றுப் பக்கச் சுவரில் பெரிய யன்னல் வைத்தாயிற்று, வெளிச்சம் நன்றாக வருகிறது. அலுமாரிக் கதவுகளுக்கு ஓடாவி வேப்பம் பலகை போட்டிருக்கிறார். இனி மேடைக்குக் கல் வெட்டவேண்டும். அடுப்பு எது என்று தெரிந்தால்தான் கல்லில் எவ்வளவு வெட்டுவது என்று தெரியும், மேசன் அதற்காகத்தான் காத்துக்கொண்டு நிற்கிறார். ஆகவே கொஞ்சம் அவசரம்.

நீ தெரிந்தெடுத்த நாலு பேர்னர் காஸ் அடுப்பு வடிவானதுதான். அம்மா அந்தப் படத்தை இணுவில் சித்திக்கும் காட்டி, பால் கொண்டுவருகிற பெடியனுக்கும் காட்டிவிட்டா. மகள் வாங்கித் தருகிறாள் என்ற புளுகம் அவவுக்கு. எனக்கும் பெருமைதான். குளிருக்குள் விடியப்புறம் எழும்பி வேலைக்கு ஓடி உழைக்கிற காசில் அம்மாவின் குசினியை நினைத்தாயே, அது எத்தனை பிள்ளைகளுக்கு வரும்? இருந்தாலும் அந்த அடுப்பு வேண்டாம். காஸே வேண்டாம், பிள்ளை.

2021 கார்த்திகை, மார்கழியில் நாடு முழுக்க வீடுகளில் காஸ் வெடித்த காலம் உனக்கு நினைவிருக்கும். ஒவ்வொரு நாளும் போன் எடுத்து, படுக்க முன்னம் றெகுலேற்றரை மூடினீங்களா என்று கேட்டாய். சிலிண்டருக்குள் புரொப்பேனும் பியூட்டேனும் கலக்கிற விகிதம் மாறியதுதான் காரணம் என்று பிறகு விசாரணைக் குழு சொன்னது. அடுத்த வருஷம் காஸே இல்லை. வெற்றுச் சிலிண்டரை உருட்டிக்கொண்டுபோய் வரிசையில் நின்றோம். அது பழைய கதை, இப்ப தாராளமாகக் கிடைக்கிறதே என்பாய். சரி, அதை விடு.

நெருப்பு நூர்ந்தால் காஸைத் தானாக மூடுகிற பாதுகாப்பு இந்த அடுப்பில் இருக்கிறது என்று எழுதியிருந்தாய். பேர்னர் ஓரத்தில் ஒரு சின்னத் தேர்மோகப்பிள் நீட்டிக்கொண்டு இருக்கும். நெருப்பு அதைச் சூடாக வைத்திருக்கும்வரை சிறிய மின்னோட்டம் ஓடி வால்வைத் திறந்து பிடிக்கும். நெருப்பு நூர்ந்து அது ஆறினால் வால்வு மூடும். காற்றுக்கு நூர்கிற நெருப்புக்கு அது நல்ல காவல். எரிந்துகொண்டே இருக்கிற நெருப்பை அது என்ன செய்யும்? மேலே பால் பொங்கி, வற்றி, சட்டி காய்ந்து சிவந்தாலும் தேர்மோகப்பிளுக்கு எல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

போன செவ்வாய்க்கிழமை பால்சட்டி அப்படித்தான் ஆனது. நான் படலையடியில் தபால்காரரோடு கதைத்துக்கொண்டு நின்றேன். கருகிய மணம் படலைவரைக்கும் வந்துவிட்டது. ஓடிவந்து பார்த்தால் குசினி முழுக்கப் புகை, சட்டியின் அடி நீலம் பாரித்துப் போயிருந்தது. அம்மா அடுத்த அறையில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தா. என்ன அவசரம், ஏன் ஓடுகிறீர்கள் என்று என்னைக் கேட்டா. மடித்து அடுக்கியதையே திரும்ப விரித்து மடித்துக்கொண்டிருந்தா. காஸ் கசிந்தால் தெரியவேண்டும் என்றுதான் அதற்குள் நாறுகிற மேர்கப்டனைக் கலக்கிறார்கள். காற்றை விடப் பாரமான வாயு, மேலே போகாமல் நிலத்தோடு தங்கும். மூக்கை நம்பித்தான் எல்லாம். தடிமன் பிடித்தால் இரண்டு கிழமைக்கு ஒரு மணமும் தெரியாத வயது எங்களுக்கு. அதைத்தான் சொல்கிறேன்.

அம்மாவின் கைப்பக்குவத்தில் நான் குறை சொல்லவில்லை, அப்படி எடுத்துவிடாதே. 1990இல் இங்கே மின்சாரம் நின்று, மண்ணெண்ணெய்க்கும் தடை வந்தபோது ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் பனை மட்டையும் கொக்கறையும் பொச்சும் வைத்து எரித்துத்தான் உன்னை வளர்த்தா. 1995 ஐப்பசி 30 இரவு, சண்டைக்கு இடம்பெயர்ந்து, மழைக்குள் நாவற்குழிப் பாலம் கடந்து சாவகச்சேரிப் பள்ளிக்கூடத்தில் போய்க் கிடந்தோமே, உனக்கு ஏழு வயது. விடிந்ததும் மூன்று கல்லைத் தேடி எடுத்து, ஈர விறகை ஊதி ஊதிப் பற்றவைத்துக் கஞ்சி காய்ச்சி, பக்கத்தில் கிடந்த சனங்களுக்கும் ஊற்றிக் கொடுத்தா. அந்தக் கஞ்சிகூட அடிப்பிடிக்கவில்லை. எந்த அடுப்பானாலும் அதன் குணம் அறிந்து சமைத்த மனுசி.

அதனால்தான் இன்டக்‌ஷன் அடுப்பு என்று முடிவெடுத்திருக்கிறேன். உனக்கு நான் விளக்கத் தேவையில்லை, நீயே மின் பொறியியல் படித்தவள். மருமகனுக்கு வாசித்துக் காட்டினால் விளங்கட்டும் என்று எழுதுகிறேன். கண்ணாடிக்குக் கீழே செப்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. வீட்டுக்கு வருகிற 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தை இருபதாயிரத்துக்கு மேலே ஏற்றி அந்தச் சுருளுக்குள் விடுகிறார்கள். அந்தக் காந்தப்புலம் இரும்புச் சட்டியின் அடியில் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்க, சட்டிதான் சூடாகிறது. கண்ணாடி சட்டியின் சூட்டை வாங்குமே தவிர தானாகச் சூடாகாது. சட்டியைத் தூக்கினால் நிற்கும். அடி அளவு மிஞ்சிச் சூடேறினால் நிற்கும். நேரம் வைத்துவிட்டால் நேரம் முடிய நிற்கும். சேலைத் தலைப்பில் பற்றுவதற்கு நெருப்பு இல்லை. மறந்துபோய் விட்டுவிட்டு வந்தாலும், யாரும் மறக்கலாம்தானே, நானும்தான் மறக்கிறேன், குறித்த நேரத்துக்குப் பிறகு தானாக அணைந்துவிடும்.

பிறிட்ஜ் கதவில் இருக்கிற நயாகராக் காந்தத்தை எடுத்து எங்கள் ஏனங்கள் எல்லாவற்றின் அடியிலும் வைத்துப் பார்த்தேன். தோசைக்கல் இறுக்கிப் பிடித்தது. நீ போன முறை கொண்டுவந்த மூன்று சட்டிகளும் பிடித்தன. குக்கர், புட்டுப் பானை, இடியப்பப் பானை மூன்றும் அலுமினியம், காந்தம் வழுகி விழுந்துவிட்டது. தாச்சி இரும்புதான், ஆனால் அடி உருண்டை, கண்ணாடியில் இருக்காது. மண்சட்டியைச் சொல்லவே தேவையில்லை. காந்தம் பிடிக்கிற எவர்சில்வரில் ஒரு புட்டுப் பானையும், தட்டையான அடியுள்ள ஒரு தாச்சியும் வாங்கவேண்டும். மீன்குழம்புக்கு மண்சட்டி இல்லாமல் அம்மா சம்மதிக்கமாட்டா. வெளியில் பழைய விறகடுப்பை இடிக்கவிடாமல் வைத்திருக்கிறேன், நான் பக்கத்தில் இருக்கிற நேரத்தில் அதில் சமைக்கட்டும். கரண்ட் போனாலும் அது இருக்கிறது. 2022 பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வெட்டினார்களே, அப்படி ஒரு காலம் திரும்ப வராது என்று யாரும் எழுதித் தரவில்லை.

இன்டக்‌ஷன் என்றதும் நாலு வளையம் உள்ள பெரியதைப் பார்ப்பாய், உன் குணம் எனக்குத் தெரியும். அது முழுதாக எரிந்தால் 7,400 வற் வரை இழுக்கும். 230 வோல்ற்றால் பிரித்துப் பார், 32 அம்பியர். எங்கள் வீட்டுக்கு வருவது சிங்கிள் பேஸ், 30 அம்பியர். கிணற்று மோட்டரையும் போட்டால் வீடே இருட்டாகும். இரண்டு வளையம் உள்ள 3,500 வற் அடுப்பு போதும், 15 அம்பியருக்குக் கொஞ்சம் கூட. அதற்கும் மெயின் போர்ட்டிலிருந்து தனி வயரும் தனி பிரேக்கரும் போடச் சொல்லியிருக்கிறேன். செலவையும் பார்த்துவிட்டேன். 12.5 கிலோ சிலிண்டரில் ஏறத்தாழ 160 யூனிற் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் இருக்கிறது, காஸ் அடுப்பில் சட்டிக்குப் போவது அதில் நாற்பது வீதம் அளவில்தான். அதே சமையலுக்கு இன்டக்‌ஷனில் 75 யூனிற் வரையில் வரும். யூனிற் கூடக் கூட விலையும் படி ஏறும் என்பது தெரியும், என் பென்ஷனில் சமாளிப்பேன், நீ அதற்குக் காசு அனுப்பவேண்டாம். அங்கிருந்து வாங்கி அனுப்பவும் நினைக்காதே. அங்கே 60 ஹேர்ட்ஸ், இங்கே 50. பழுதானால் திருத்த ஆளும் கிடையாது.

முக்கியமானது இது. குமிழ் வைத்ததாக இருக்கவேண்டும். நீ காட்டுகிறவை எல்லாம் தொடுகிற அடுப்புகள். ஈர விரலுக்கு அவை கேட்காது. பூட்டைத் திறக்க ஒரு இடம், வளையத்தைத் தெரிவு செய்ய ஒரு இடம், கூட்டக் குறைக்க வேறு இடம், எல்லாவற்றையும் புதிதாக நினைவில் வைக்கவேண்டும். குமிழைத் திருகுவது அம்மாவின் கைக்கு எத்தனையோ வருஷப் பழக்கம், கை மறக்காது. இன்டக்‌ஷனிலேயே குமிழ் வைத்தவை இருக்கின்றன. ஸ்ரான்லி வீதியில் கேட்டேன், கொழும்பிலிருந்து எடுத்துத் தரலாம் என்கிறார்கள். விலை கூட என்றாலும் குமிழ் வைத்ததையே எடு.

அம்மா ஒரே கதையை இரண்டு தரம் சொன்னா என்று போன மாதம் நீ சிரித்தாய். நானும் உன்னோடு சேர்ந்து சிரித்தேன். அதற்குப் பிறகு நீ அதைப் பற்றிக் கேட்கவில்லை. அடுப்புப் படம் மட்டும் வந்துகொண்டே இருக்கிறது. குறையாகச் சொல்லவில்லை பிள்ளை, உனக்கு அங்கே எத்தனை வேலை. ஆனால் ஒன்று செய். நீ வேலைக்குப் போக முன்னம் எட்டு மணிக்கு எடுக்கிறாய், அது எங்களுக்கு மாலை ஐந்தரை. அந்த நேரம் அம்மாவுக்குக் களைப்பு, சொல்லுக்குச் சொல் தேடவேண்டியிருக்கிறது. பிறகு அதை நினைத்து இரவெல்லாம் படுக்காமல் இருக்கிறா. உனக்கு இரவு ஒன்பது மணி என்றால் எங்களுக்குக் காலை ஆறரை. காலையில் அம்மா நல்ல தெளிவு. நீ சின்ன வயதில் செய்த குழப்படி எல்லாம் ஒன்று விடாமல் சொல்லுவா. பேரப்பிள்ளைகளையும் நித்திரைக்கு முன்னம் கூப்பிட்டு இருத்து. அவர்களின் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கதை, அம்மாவுக்கு உதவியாக இருக்கும்.

அடுத்த மாதம் பெரியாஸ்பத்திரியில் கிளினிக் ஒன்று இருக்கிறது. தம்பி கூட்டிக்கொண்டு போவான். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

நல்லூர்த் திருவிழாவுக்கு வரலாமா என்று பார். வருகிற வருஷம் பார்ப்போம் என்று சொல்லாதே. இந்த முறை வா. கொழும்பிலிருந்து பஸ்ஸில் இரவு முழுக்க இருக்கவேண்டும் என்ற பயம் வேண்டாம், சென்னை வழியாக வந்தால் இங்கே பலாலி விமான நிலையத்திலேயே இறங்கலாம். புதுக் குசினியில் அம்மாவோடு நின்று சமை. அந்த அடுப்பில் எந்தக் குமிழை எந்தப் பக்கம் திருப்புவது என்று நீ பக்கத்தில் நின்று நாலைந்து நாள் காட்டிக் கொடுத்தால் பிடித்துக்கொள்ளுவா. நான் காட்டினால் கோபம் வருகிறது. எனக்குச் சமைக்கத் தெரியாது என்று நினைக்கிறீர்களா என்று போன கிழமை கேட்டா. நான் என்ன சொல்ல?

ஆகையால் அடுப்பை மாற்றுகிற யோசனை உன்னுடையதாக இருக்கட்டும். அப்பா சொன்னார் என்று வாய் தவறியும் சொல்லாதே. காஸ் அடுப்பு எனக்குப் பயமாக இருக்கிறது, நான் இந்தப் புதுசைத்தான் உங்களுக்கு வாங்கித் தர ஆசைப்படுகிறேன் என்று நீயே அம்மாவிடம் கேள். பயம் இருக்கிறதுதானே, அது பொய் இல்லை. மகள் ஆசைப்பட்டாள் என்றால் அம்மா ஒத்துக்கொள்ளுவா.

இரண்டு வளையம், 3,500 வற், குமிழ் வைத்தது. மாதிரியின் இலக்கத்தையும் கல் வெட்டவேண்டிய அளவையும் உற்பத்திக்காரர் போட்டிருக்கிற காகிதத்தில் பார்த்து அனுப்பு, கடைக்காரர் வாயால் சொல்லுகிற அளவில் கல்லை வெட்ட முடியாது. கீழே காற்றாடி இருக்கும், காற்றுப் போக எவ்வளவு இடைவெளி விடவேண்டும் என்பதையும் பார். வெள்ளிக்கிழமைக்குள் தம்பிக்கு எழுது. போனில் சொல்லாதே. நான் கதைக்கும்போது அம்மா பக்கத்தில்தான் இருப்பா.

அன்புடன்,
அப்பா.