தாயைக் கொல்ல வேண்டாம், சித்ரா

அன்புள்ள சித்ரா,

இங்கே எல்லாரும் சுகம். நீ அனுப்பிய நாவல் பகுதியை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். டோராவும் தம்பி ஆல்ஃபியும் மனசில் நிற்கிறார்கள். காலக்கணக்குதான் இடிக்கிறது.

லண்டனில் குண்டு விழுந்து தாய் சாக, பிள்ளைகள் கிராமத்துக்குப் போவதாக எழுதியிருக்கிறாய். நடந்தது நேர்மாறு. பிள்ளைகளை ரயிலேற்றத் தொடங்கியது 1939 செப்டம்பர் 1. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டன் போர் அறிவித்ததே 3ஆம் தேதிதான். சில நாட்களுக்குள் சுமார் 15 லட்சம் பேரை நகரங்களிலிருந்து அனுப்பிவிட்டார்கள். லண்டன்மேல் தொடர் குண்டுவீச்சு ஆரம்பித்ததோ 1940 செப்டம்பர் 7இல். நடுவில் பல மாதங்கள் லண்டன் வானம் சும்மா கிடந்தது. எதற்கு இந்தப் பிரிவு என்று 1940 ஜனவரிக்குள் ஏறக்குறைய பாதிப் பிள்ளைகள் வீடு திரும்பிவிட்டார்கள். 1939 அக்டோபர் கடைசியிலிருந்து பிள்ளைகளின் செலவுக்குப் பெற்றோரும் வசதிக்கேற்ப வாரம் 6 ஷில்லிங் வரை கட்ட வேண்டிவந்தது; ஏழை வீடுகளுக்கு அதுவும் சுமை. உன் கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. தாய் உயிரோடு இருக்கட்டும். கிறிஸ்துமஸுக்கு வந்து, "கிளம்புங்கள்" என்று சொல்லட்டும்.

பிள்ளைகளை ஏற்கும் கிராமத்து வீட்டுக்காரி மிஸஸ் ஹேல் வாசலிலேயே கட்டி அணைப்பது ஒட்டவில்லை. பல ஊர்களில் பிள்ளைகளை மண்டபத்தில் நிறுத்திவைக்க, வந்தவர்கள் பார்த்துப் பொறுக்கிக்கொண்டு போனார்கள். பண்ணைக்காரர் கண் வலுவான பையன்கள்மேல். தம்பியை விடமாட்டேன் என்று நிற்கும் அக்காள் கடைசிவரை நிற்க வேண்டியதுதான். பணமும் அப்படி: வைத்துக்கொள்ளும் வீட்டுக்கு அரசு கொடுத்தது ஒரு பிள்ளைக்கு வாரம் 10 ஷில்லிங் 6 பென்ஸ், ஒன்றுக்கு மேல் என்றால் தலைக்கு 8 ஷில்லிங் 6 பென்ஸ். இரண்டு பேருக்கு 17 ஷில்லிங். தபால் ஆபீஸில் வாங்கிக்கொள்ள வேண்டும். 12 பென்ஸ் ஒரு ஷில்லிங் என்பதை டோராவே அங்கே எண்ணிக் காட்டட்டும், அடிக்குறிப்பு போடாதே.

உறவு ஒட்டுகிற இடத்தை நான் படுக்கையில் வைப்பேன். ஆல்ஃபி இரவில் நனைக்க வேண்டும். வீட்டுக்காரர்கள் ஓயாமல் சொன்ன புகார் அது. பயம் பாதி, மீதி, கிராமத்தில் பல வீடுகளுக்குக் கக்கூஸ் தோட்டத்துக் கோடியில், போர்க்கால இருட்டடிப்பில் விளக்கும் கூடாது. அங்கே துவைக்கும் நாள் திங்கள்: கொப்பரையில் துணியைக் கொதிக்கவைத்து, உருளையில் கொடுத்துப் பிழிந்து, பகல் முழுக்க வேலை. செவ்வாய்க் காலை விரிப்பு நனைந்திருந்தால்? அக்டோபர் ஈரத்தில் காயவும் காயாது. முதல் தடவை மிஸஸ் ஹேல் கத்தட்டும். நாலாவது தடவை ஒன்றும் சொல்லாமல் கட்டிலுக்கடியில் ஒரு சட்டியைத் தள்ளிவிட்டுப் போகட்டும்.

சில்லறைத் திருத்தங்கள்: உணவு ரேஷன் 1940 ஜனவரி 8இல்தான் தொடங்கியது, முதலில் பேக்கன் என்ற உப்பிட்ட பன்றி இறைச்சி, வெண்ணெய், சர்க்கரைக்கு. ஆகவே செப்டம்பரில் டோரா கையில் ரேஷன் புத்தகம் வேண்டாம். கழுத்தில் மாட்டிய அட்டைப்பெட்டியில் நச்சுவாயு முகமூடி, கோட்டில் பெயர்ச்சீட்டு, போதும். ரயில் நிலையப் பெயர்ப்பலகைகளைக் கழற்றியது 1940இல். அதனால் 1939இல் ஆல்ஃபி ஊர்ப்பெயரை எழுத்துக்கூட்டிப் படிக்கலாம்.

கிறிஸ்துமஸ் அத்தியாயம் முடிந்ததும் அனுப்பு.

அன்புடன்,
மீனா