தேயிலைக் கொட்டகையை விளையாட்டுக் கொட்டகையாக்க உதவுங்கள்

அன்புடையீர், வணக்கம்.

கோத்தகிரி வட்டாரத்தில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோரும், அவர்களுக்குக் கைகொடுக்கும் ஆசிரியர்கள் சிலரும் சேர்ந்து நடத்தும் குழு இது. எங்கள் பிள்ளைகள் ஓடவும் குதிக்கவும் தொங்கவும் கூரையுள்ள ஒரு சமதரை வேண்டும். இடம் கிடைத்துவிட்டது, அதைச் சரிசெய்யத்தான் பணம் போதவில்லை. ஏன், எவ்வளவு என்ற விவரங்களைக் கீழே எழுதியிருக்கிறோம்.

ஆட்டிசம் என்றதும் பேச்சு வராததும் முகம் பார்க்காததும்தான் எல்லாருக்கும் நினைவுக்கு வருகிறது. உடம்பைப் பற்றி யாரும் கேட்பதில்லை. 1943ல் மனநல மருத்துவர் லியோ கானர் ஆட்டிசம் உள்ள 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே, அவர்களில் சிலருடைய நடை தடுமாற்றமாக இருப்பதைக் குறிப்பிட்டிருந்தார். ஆனாலும் ஆட்டிசத்தை உறுதிசெய்யும் அளவுகோல்களில் இந்தத் தடுமாற்றம் இன்றுவரை சேரவில்லை. அதனால் பல பிள்ளைகளுக்கு அதை யாரும் சோதித்துப் பார்ப்பதும் இல்லை. வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும்: நுனிக்கால் நடை, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்துவைத்து இறங்குவது, சட்டைப் பொத்தானோடு தினமும் போராட்டம், பந்து நெஞ்சில் பட்டுக் கீழே விழுந்த பிறகு கை இரண்டும் வந்து சேர்வது. வகுப்பில் மேசைமேல் சரிந்து கிடக்கும் பிள்ளையைச் சோம்பேறி என்பார்கள். அவர்களில் பலருக்குத் தசைகள் தளர்வானவை. நிமிர்ந்து உட்காருவதே அவர்களுக்கு ஒரு வேலை.

பி.டி. பீரியடில் இந்தப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் வேலை, மற்றவர்கள் கழற்றிப்போட்ட ஸ்வெட்டர்களுக்குக் காவல். கெட்ட எண்ணத்தில் யாரும் அப்படிச் செய்வதில்லை. டீமில் சேர்த்தால் தோற்றுவிடும், தனியாகக் கவனிக்க ஆள் இல்லை, அவ்வளவுதான். ஆனால் விளையாடாத உடம்பில் வலு சேராது, வலு இல்லாத பிள்ளை விளையாட வராது. சிலருக்கு நடத்தைப் பிரச்சினைக்காகத் தரப்படும் ரிஸ்பெரிடோன் போன்ற மருந்துகள் பசியைக் கூட்டி எடையையும் ஏற்றிவிடும். (இதைப் படித்துவிட்டு யாரும் டாக்டரைக் கேட்காமல் மருந்தை நிறுத்த வேண்டாம்.) 5 வயது முதல் 17 வயது வரை சராசரியாக ஒரு நாளைக்கு 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி உடல் அசைய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020ல் சொன்னது. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கும் அதே 60 நிமிடம்தான்.

எங்கள் திட்டத்துக்கு அடிப்படையான ஓர் ஆய்வையும் சொல்லிவிடுகிறோம். 2009ல் அமெரிக்காவின் பால்டிமோர் ஆய்வாளர்கள், இயந்திரக் கை ஒன்றைப் பிடித்து நகர்த்தும் பயிற்சியைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் புதிய அசைவைக் கற்கும்போது கண்ணால் பார்ப்பதைவிட, தசையும் மூட்டும் மூளைக்கு அனுப்பும் செய்தியையே மற்றப் பிள்ளைகளைக் காட்டிலும் அதிகமாக நம்பியது தெரிந்தது. "என்னைப் பார்த்து அப்படியே செய்" என்று பயிற்சியாளர் நூறு தடவை செய்து காட்டியும் ஏன் பலன் குறைவு என்பது இதைப் படித்ததும் எங்களுக்கு ஓரளவு விளங்கியது. பின்னால் நின்று கையைப் பிடித்து வீசவைத்தால், கனமான மூட்டையைத் தள்ளவைத்தால், கயிற்றில் தொங்கவிட்டால் உடம்புக்குச் செய்தி போய்ச் சேருகிறது. அதற்குச் சாமான் வேண்டும், தொங்க உறுதியான உத்தரம் வேண்டும், விழுந்தால் தாங்கும் தரை வேண்டும்.

மலையில் இதற்கெல்லாம் எங்கே போவது? நம் ஊரில் சரிவு உண்டு, படிக்கட்டு உண்டு, சமதரைதான் இல்லை. வெளியே விடலாம் என்றால் மழை, மழை விட்டால் மூடுபனி, இரண்டும் இல்லாத நாளில் தேயிலைக்குள் காட்டெருமை நிற்கும். திடீரென்று ஓடிவிடும் பழக்கம் எங்கள் பிள்ளைகள் சிலருக்கு உண்டு. வேலி இல்லாத மைதானத்தில் பெற்றோர் விளையாட விடுவார்களா, துரத்துவார்களா? கோயம்புத்தூருக்குத் தெரபிக்குப் போய்வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. போதாததற்கு மலைப்பாதை வளைவுகளில் வாந்தி எடுத்து, போய்ச் சேரும்போதே பிள்ளை துவண்டிருக்கும்.

இந்த நிலையில்தான் பக்கத்து ஹட்டிப் (படுகர் ஊர்) பெரியவர்கள், இப்போது பயன்பாட்டில் இல்லாத தேயிலை எடை போடும் கொட்டகையைப் பத்து வருடத்துக்கு வாடகையில்லாமல் எழுதிக் கொடுத்தார்கள். நாற்பதடி நீளம், இருபதடி அகலம், சமமான சிமென்ட் தரை. நீலகிரியில் புதிதாக மண்ணை வெட்டிச் சமப்படுத்த ஜேசிபி வேண்டுமென்றாலே ஆட்சியர் அனுமதி வரை போக வேண்டும். அதைத் தெரிந்தவர்களுக்கு இந்தத் தரையின் மதிப்பு புரியும்.

பெரிய செலவு கூரைதான். அது தகரம். மழை பிடித்தால் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. நமக்கு அது இரைச்சல், எங்கள் பிள்ளைகளில் பலருக்கு அது வலி. காதைப் பொத்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிடுவார்கள், அன்றைய விளையாட்டு அத்தோடு முடிந்தது. தகரத்துக்கு அடியில் சட்டம் அடித்து, ஒலியை உறிஞ்சும் பலகை வைத்து சீலிங் போட 2,40,000 ரூபாய் ஆகும். காலையில் தகரம் வேர்த்துச் சொட்டுவதும் இதனால் குறையும். தரையில் கனமான ஃபோம் பாய் விரிக்க 1,10,000. டிசம்பர், ஜனவரியில் அந்த சிமென்டில் வெறுங்காலை வைத்துப் பாருங்கள், ஏன் என்று கேட்கமாட்டீர்கள். வேலியும், இரட்டைத் தாழ்ப்பாள் போட்ட கேட்டும் 95,000. கழிப்பறை 70,000. ஊஞ்சல், ஏறும் வலை, சமநிலைக் கட்டை, தள்ளும் மூட்டைகள், ஊஞ்சலுக்கான இரும்பு உத்தரம் எல்லாமாக 1,35,000. ஆக மொத்தம் 6,50,000 ரூபாய். எங்களுக்குள்ளேயும் உறவினர்களிடமும் திரட்டியது 2,15,000. இன்னும் வேண்டியது 4,35,000.

சாமான்களைப் பற்றி ஒரு வார்த்தை. நல்ல மனம் கொண்ட ஒருவர் ட்ரெட்மில் வாங்கித் தருவதாகச் சொன்னார், நன்றியோடு வேண்டாம் என்றோம். நின்ற இடத்தில் ஓட இவ்வளவு பாடு எதற்கு? நொண்டியும் பாண்டியும் கயிறு தாண்டுதலும் சொல்லிக்கொடுக்க முடிந்தால் தெருப் பிள்ளைகளோடு சேர்ந்து விளையாட ஒரு வழி கிடைக்கும். அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளும் கொட்டகைக்கு வரலாம் என்று அதனால்தான் முடிவு செய்திருக்கிறோம்.

கட்டி முடித்தால் போதாது, நடத்தவும் வேண்டும். மாதம் இரண்டு முறை ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் பயிற்சியாளர்) ஒருவர் கீழிருந்து வந்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் என்ன பயிற்சி என்று எழுதிக் கொடுப்பார். மற்ற நாட்களில் அதைச் செய்யவைக்க உள்ளூர் இளைஞர் ஒருவருக்குப் பயிற்சி கொடுக்கிறோம். அவர் சம்பளமும் தெரபிஸ்ட்டின் பயணச் செலவும் சேர்ந்து மாதம் 18,000. மாதா மாதம் ஐந்நூறு, ஆயிரம் என்று தருபவர்கள் பத்திருபது பேர் இருந்தால் எங்கள் கவலை பாதி தீரும். மொத்தமாகத் தருவதைவிட இது உதவி என்றுகூடச் சொல்வோம்.

இந்தக் கொட்டகையில் ஆட்டிசம் குணமாகும் என்று நாங்கள் சொல்லவில்லை, அப்படிச் சொல்லிப் பணம் கேட்பவர்களிடம் கவனமாக இருங்கள். முறையான பயிற்சியால் பிள்ளையின் சமநிலையும் வலுவும் மேம்படலாம், உடம்பு நன்றாக அசைந்த பிறகு சிலர் சற்று அமைதியாவதும் உண்டு. எங்கள் எதிர்பார்ப்பு அந்த அளவில்தான்.

தென்மேற்குப் பருவமழை ஜூனில் பிடிப்பதற்குள் கூரை வேலை முடிய வேண்டும். ஏப்ரல், மே சீசனில் லாரி வாடகையும் ஏறும், ஆளும் கிடைக்காது. ஆகவே மார்ச்சுக்குள் தந்தால் அதே பணம் கூடுதல் வேலைக்கு உதவும்.

வங்கிக் கணக்கு குழுவின் பெயரில் இருக்கிறது. பொருளாளரும் ஒரு பெற்றோரும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும். கணக்கு எண் ரசீதுப் புத்தகத்திலேயே அச்சிட்டிருக்கிறது. ரசீது இல்லாமல் யாரிடமும் பணம் கொடுக்காதீர்கள். வருமான வரி விலக்குச் சான்று இன்னும் எங்களுக்குக் கிடைக்கவில்லை, அதை எதிர்பார்த்துத் தர வேண்டாம். வரவு செலவு மாதந்தோறும் கொட்டகைச் சுவரில் ஒட்டப்படும்.

பொருளாகத் தர விரும்பினால் சைக்கிள் டியூப், கனமான கயிறு, கிழியாத சாக்கு, நல்ல மரச்சட்டம் தேவைப்படுகின்றன. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் குழுவினர் கொட்டகையில் இருப்போம், நேரில் வந்து பார்க்கலாம். பிள்ளைகள் இருக்கும் நேரத்தில் போட்டோ மட்டும் எடுக்க வேண்டாம்.

இங்ஙனம்,
கொட்டகைக் குழுவினர்
கோத்தகிரி வட்டாரம், நீலகிரி