ஏஞ்சல் வாங்க முன்னம்

அன்புள்ள மகனுக்கு,

நாங்கள் நலம். உங்கள் இருவரின் நலத்துக்கும் நல்லூரானை வேண்டுகிறேன். அப்பாவுக்கு இடது கண்ணிலும் வில்லை வைத்தாயிற்று, இப்போது கண்ணாடி இல்லாமல் பேப்பர் வாசிக்கிறார். மழை பிந்தித்தான் தொடங்கியது, ஆனால் கிணறு முக்கால்வாசி நிரம்பிவிட்டது. மற்றப் புதினங்களைப் பிறகு எழுதுகிறேன். சித்தி புதன்கிழமை புறப்படுகிறா, அதற்குள் இதை முடித்துக் கொடுக்க வேண்டும்.

நீ வட்ஸ்அப்பில் அனுப்பிய மீன்தொட்டிப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். 30 அங்குல நீளம், 110 லீற்றர் என்று எழுதியிருந்தாய். நியோன் ரெட்ரா 10 எண்ணினேன். "இதற்குள் இன்னும் என்ன விடலாம் அம்மா?" என்று கேட்டிருக்கிறாய். எவ்வளவு காலத்துக்குப் பிறகு என்னிடம் ஒன்று கேட்கிறாய்! 31 வருடம் உயிரியல் படிப்பித்தவளுக்கு அது எவ்வளவு சந்தோஷம் என்று உனக்குத் தெரியாது. ரெலிபோனில் சொன்னால் "ம், ம்" என்றுவிட்டு வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

ஏஞ்சல் சோடி வாங்கப் போகிறேன் என்றாய். வாங்காதே. கடையில் அது ஐந்து ரூபாய்க் குத்தி அளவில்தான் நிற்கும். ஒரு வருடத்துக்குள் உள்ளங்கை அளவுக்கு வந்துவிடும். நியோன் எவ்வளவு வளர்ந்தாலும் 4 சென்ரிமீற்றரைத் தாண்டாது. ஒருநாள் விடிய எழும்பி எண்ணினால் எட்டு நிற்கும், அடுத்த கிழமை ஐந்து. கடைக்காரர் இரண்டும் அமேசன் மீன்தான், ஒத்துப்போகும் என்று சொல்லுவார். அவர் சொல்வதில் பொய் இல்லை. இரண்டுக்கும் ஊர் ஒன்று, மென்னீரும் இளஞ்சூடும் இரண்டுக்கும் பிடிக்கும். ஆனால் ஊரும் தண்ணீரும் பொருந்தினால் போதும் என்றுதான் எல்லோரும் நினைத்துவிடுகிறோம். வாயின் அளவையும் குணத்தையும் யார் பார்க்கிறார்கள்?

ஏஞ்சல் சோடி சேர்ந்து ஒரு இலையிலோ பில்ரர்க் குழாயிலோ முட்டை இட்டுவிட்டால் பாதித் தொட்டி அதுகளுடையது. மற்ற மீன்களையெல்லாம் ஒரு மூலைக்குத் துரத்திவிடும். ஆற்றில் என்றால் துரத்தப்பட்டது வேறு பக்கம் போய்ப் பிழைத்துக்கொள்ளும். தொட்டிக்குள் எங்கே போகும்? ஹீற்றருக்குப் பின்னால் செட்டையை ஒடுக்கிக்கொண்டு நிற்கும், சாப்பாட்டுக்கு வராது. நாளாக நாளாக உடம்பின் எதிர்ப்புச் சக்தி விழுந்து வெள்ளைப்புள்ளி நோய் பிடிக்கும். நாங்கள் மருந்துப் போத்தலைத் தேடுவோம். ஒரு மீன் சாப்பிடாமல் மூலையில் நின்றால் முதலில் அதை யார் துரத்துகிறார்கள் என்று பார், மகன்.

நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? போன ஞாயிறு வீடியோவில் உன் கழுத்தெலும்பு தெரிந்தது. அப்பாவும் பார்த்தார், ஒன்றும் கேட்காதே என்று கையைக் காட்டினார்.

ரைகர் பார்ப் மீனும் வேண்டாம். வரி வரியாக வடிவாகத்தான் இருக்கும். எட்டுக்குக் குறையாமல் விட்டால் தங்களுக்குள்ளேயே கலைத்து விளையாடும். இரண்டு மூன்றை விட்டால் நீளச் செட்டை உள்ளது எதையும் கடித்துக் கந்தலாக்கிவிடும். கோல்ட் பிஷ் குளிர்தண்ணீர் மீன், கழிவும் கனக்க. கண்ணாடி துடைக்கும் என்று விற்கிற சக்கர் மீன் ஒரு அடிக்கு மேல் வளரும். இவை மூன்றையும் மறந்துவிடு.

விடுவதானால் அடியில் ஆறு கொரிடோராஸ் விடு. அதுகள் மீசையால் கிளறித் தின்பவை, கூரான கல் போட்டால் மீசை தேய்ந்துபோகும், மெல்லிய மணல் போடு. நடுத்தண்ணீருக்குச் செரி பார்ப் எட்டு, ஆண் குறைவாகவும் பெண் கூடவும். அது எங்கள் இலங்கைத் தீவு மீன். தென்மேற்கில் மழைக்காட்டு ஓடைகளில் மட்டும்தான் இயற்கையில் இருக்கிறது, 1929இல் விலங்கியலாளர் தெரணியகல அதற்கு அறிவியல் பெயர் வைத்தார் என்று உங்கள் வகுப்புக்கும் சொல்லியிருப்பேன். அங்கே கடைகளுக்கு வருவது பெரும்பாலும் பண்ணையில் பெருக்கியது. ஆண் சிவந்து நிற்கும், ஆனால் யாரையும் கடிக்காது. எது வாங்கினாலும் நேரே தொட்டிக்குள் கொட்டாதே, மூன்று கிழமை வேறு பாத்திரத்தில் வைத்துப் பார்.

முருகைக்கல் கேட்டாய் என்று சித்தி சொன்னா. அனுப்பமாட்டேன். அது கரைந்து தண்ணீரைக் கடினமாக்கும், நியோனுக்கு ஆகாது. எங்கள் கேத்திலுக்குள் படியும் வெள்ளைப் படை உனக்கு ஞாபகம் இருக்கும்தானே, அந்தத் தண்ணீரில் கப்பி மீனும் மொலி மீனும்தான் கொழுக்கும். 95இல் இடம்பெயர்ந்து கொடிகாமம் போய், அடுத்த சித்திரைக்குப் பிறகு திரும்பி வந்தபோது வீட்டில் கதவும் இல்லை, நிலையும் இல்லை. கிணற்றடித் தொட்டியில் மட்டும் மழைத்தண்ணீரும் நுளம்புக் குடம்பியும் இருந்ததால் கப்பி பெருகிக்கிடந்தது. ஒன்பது வயதில் நீ குனிந்து நின்று 43 எண்ணினாய். அன்றைக்கு அப்பா சிரித்ததை நான் மறக்கவில்லை.

ரொறன்ரோக் குழாய்த் தண்ணீரில் குளோரமைன் கலந்திருக்கிறது. வாளியில் பிடித்து ஒரு இரவு வைத்தால் போய்விடும் என்று இருந்துவிடாதே, குளோரின்தான் அப்படிப் போகும். கடையில் விற்கிற மருந்து போட்டுத்தான் மாற்ற வேண்டும்.

இன்னொன்று. இந்தத் தொட்டி எப்போது தொடங்கினாய்? முந்திய தொட்டி குசினிச் சுவரோடு இருந்தது, பின்னால் மருமகள் ஒட்டிய நீலக் கடதாசி. இந்தப் படத்தில் வெறும் வெள்ளைச் சுவர்தான் தெரிகிறது, பக்கத்தில் உன் சப்பாத்து மட்டும். புதுத் தொட்டி என்றால் அமோனியாவைத் தின்னும் பக்றீரியா பெருக நான்கு, ஆறு கிழமை எடுக்கும். அதற்கு முதல் மீனைக் கூட்டினால் எல்லாம் செத்துப்போகும். பழைய பில்ரரின் பஞ்சில் ஒரு துண்டு கொண்டுவந்து வைத்தாயா? அந்தத் தொட்டியை இப்போது யார் பார்க்கிறார்கள்? தண்ணீர் மாற்றுகிறார்களா? நான் மீன்களைத்தான் கேட்கிறேன்.

ஏஞ்சல் வாங்காதே என்று மறுபடி சொல்கிறேன். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

2005இல், உன் ஏ.எல். வருடம், உன் ஏஞ்சல் சோடி முட்டை இட்டிருந்தது. நீ இரவு ஒரு மணிவரை லாம்பை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாய். கரண்ட் நின்று பில்ரர் நின்றதால் எல்லாம் செத்துவிட்டது, வாழைப்பாத்திக்குள் தாட்டுவிட்டேன் என்று நான் சொன்னேன். அன்றைக்குக் கரண்ட் நிற்கவில்லை. நீ ரியூசனுக்குப் போன நேரம் ஒரு ஓட்டோவைப் பிடித்து, சுன்னாகத்தில் ஒரு கடைக்கு எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன். பெரிய மீன்கள் உயிரோடுதான் போயின. முட்டை ஒட்டியிருந்த இலையை நான்தான் பிடுங்கி எறிந்தேன். நீ எங்கே தாட்டது என்று கேட்டாய். நான் வெறும் மண்ணைக் காட்டினேன். நீ அழவில்லை. தொட்டிக்குள் கிடந்த கல்லைக் கொண்டுவந்து அந்த இடத்தில் வைத்தாய். அதற்குப் பிறகு பரீட்சை முடியும்வரை என்னோடு வடிவாகக் கதைக்கவேயில்லை. படிக்கிறாய் என்று நான் நினைத்துக்கொண்டேன். பல்கலைக்கழக வெட்டுப்புள்ளியும் கிடைக்கவில்லை.

இருபது வருடமாகச் சொல்லவில்லை. உனக்கு எது நல்லது என்று உன்னைக் கேட்காமல் முடிவெடுத்தது அது ஒன்றுதான் என்று சொல்லவும் என்னால் முடியாது. பொருத்தம் பார்த்ததும் நான்தான். ஒரே ஊர், தெரிந்த குடும்பம், எட்டுப் பொருத்தம் என்று அப்பாவிடம் சொன்னதும் நான்தான். உன்னிடமும் கேட்கவில்லை, அந்தப் பிள்ளையிடமும் கேட்கவில்லை. என்னை மன்னித்துக்கொள், ராசா.

வாழை எத்தனையோ தரம் குலை போட்டு வெட்டியாயிற்று, கல் அங்கேயேதான் கிடக்கிறது. அதன் பக்கத்தில் யாரையும் கொத்த விடுவதில்லை.

சித்தியிடம் இரண்டு பொதி கொடுத்துவிடுகிறேன். மிளகாய்த்தூளும் புழுக்கொடியலும் உனக்கு. மற்றதில் மருமகளுக்குப் பிடித்த பனாட்டும் எள்ளுப்பாகும் இருக்கிறது, அவள் பெயரை மேலே எழுதியிருக்கிறேன். பிரிக்காமல் அவளிடம் கொடு. அவள் எங்கே இருந்தாலும் கொண்டுபோய்க் கொடு. பனாட்டு நாள்பட்டாலும் பழுதாகாது, அவசரம் இல்லை.

இரவு பதினொரு மணிவரை என் போன் திறந்துதான் இருக்கும்.

அன்புடன்,
அம்மா