புரூக்ளினில் இருக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அப்பாவும் நானும் நலம். நேற்றுக் காலை போன் செய்தபோது 'மீட்டிங்மா' என்று வைத்துவிட்டாய். அங்கே அப்போது இரவு பதினொரு மணி. சரி, உங்கள் வேலை அப்படி இருக்கும்.

எதிர்வீட்டுப் பெண் எம்.ஏ. தேர்வுக்காக என்னிடம் வருகிறாள். அமெரிக்க நாவல்களில் நேச்சுரலிசம் என்ற எழுத்துப் போக்குதான் பாடம். பிரான்சில் நாவலாசிரியர் ஸோலா தொடங்கியதை அமெரிக்க எழுத்தாளர்கள் கிரேனும் நாரிஸும் டிரைசரும் தங்கள் ஊருக்கு எப்படிக் கொண்டுவந்தார்கள், மனிதனை ரத்தமும் சூழலும் தற்செயலும் எப்படி நடத்துகின்றன, இவ்வளவு எழுதினால் பாஸ் செய்துவிடலாம். அவளுக்காக டிரைசரின் 'சிஸ்டர் கேரி' நாவலை மறுபடி எடுத்தேன். 1900இல் வந்த புத்தகம். கதாநாயகி கேரியை விட்டுவிட்டு, அவளோடு வாழும் ஹர்ஸ்ட்வுட்டிடமே மனசு போய் நிற்கிறது.

சிகாகோவில் பெரிய மதுக்கூடத்தின் மேனேஜர் அவன். ஓர் இரவு பெட்டகத்துப் பணத்தை எடுக்கிறான், வைக்கிறான், மறுபடி எடுக்கிறான். பணம் கையில் இருக்கும்போது பூட்டு தானாக விழுந்துவிடுகிறது. திருடினானா இல்லையா என்று டிரைசர் தீர்ப்பு சொல்வதில்லை. அப்புறம் கேரியோடு நியூயார்க். பங்கு வைத்திருந்த மதுக்கடையும் கைவிட்டுப் போகிறது. வேலை தேடுவதாகச் சொல்லிக் கிளம்பி, ஹோட்டல் முன்கூடத்தில் குளிருக்கு அடக்கமாக உட்கார்ந்துவிட்டு வருவான். பிறகு அதுவும் இல்லை. வீட்டில் ஆடும் நாற்காலி, நாள் முழுக்கப் பேப்பர். தினமும் சவரம் செய்தவன் தாடியோடு திரிகிறான். டிராம் ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் கருங்காலியாகப் போய்க் கல்லடி படுவது நீ இருக்கும் புரூக்ளினில்தான். கடைசி அத்தியாயத்தை அந்தப் பெண்ணையே படித்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

சூழல் அவனைத் தள்ளியது என்று எழுதினால் மார்க் கிடைக்கும். எனக்கென்னவோ, பக்கத்திலேயே இருந்த கேரியிடம் அவன் வாயைத் திறக்காததுதான் பெரிதாகப் படுகிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? வெளியே போய் நட. பனி என்றாலும் நட.

உன் தாத்தாவும் இப்படித்தான். பம்பாய் விஷயம் உனக்குத் தெரியும். நாரிஸைக் கேட்டால் ரத்தம் என்பார்; அவருடைய 'மெக்டீக்'கில் அப்பனின் குடி மகனிடம் வந்து நிற்கும். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பஸ்ஸுக்குக் காசு போதாமல் நடந்தே போய்ப் படித்த பிள்ளை நீ. அப்பா இன்றைக்கும் வருகிறவர்களிடமெல்லாம் அதைத்தான் சொல்கிறார். அவருக்காவது வாரம் ஒருமுறை பேசக்கூடாதா?

கிரேனின் 'தி ஓப்பன் போட்' கதையும் பாடத்தில் இருக்கிறது. 1897 ஜனவரியில் ஃபுளோரிடா கடலில் கப்பல் மூழ்கி, சின்னப் படகில் தத்தளித்த நாலு பேரில் கிரேனும் ஒருவர். கதையில், கரையில் ஒருவன் கோட்டைச் சுழற்றிக்கொண்டே இருக்கிறான். ஆள் வருகிறது என்கிறானா, வேறு பக்கம் போகச் சொல்கிறானா, விளையாடுகிறானா, படகில் இருப்பவர்களுக்குப் புரியவில்லை. வீடியோவில் நீயும் நானும் கை அசைத்துக்கொள்வது இப்போது அப்படித்தான் இருக்கிறது.

நாலு பேரில் உயிரோடு கரை சேராமல் போனவன் நன்றாகத் துடுப்புப் போட்டவன். தகுதி பார்த்துக் கடல் எதையும் செய்வதில்லை என்பது கிரேனின் கட்சி. வேலையும் அப்படித்தான், நன்றாகச் செய்கிறவனுக்கும் போகும். பொதுவாகச் சொல்கிறேன். ஆனால் படகில் இருந்தவரை முறைவைத்துத் துடுப்புப் போட்டார்கள். ஒருவன் கை ஓய்ந்தால் இன்னொருவன் வாங்கிக்கொண்டான்.

சாப்பாட்டை விடாதே. ராத்திரி கண் விழிக்காதே. பெரிய அத்தையிடம் நான் எதுவும் பேசவில்லை, பேசவும் மாட்டேன்.

மாதாமாதம் அனுப்பும் பணத்தை இனி அனுப்ப வேண்டாம். வீட்டுக் கடன் முடிந்துவிட்டது, எங்கள் பென்ஷனே மிச்சமாகிறது. டிக்கெட் எடுக்க வேண்டியிருந்தால் என்னிடம் சொல், அப்பாவுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா